விசிறி சுழலும் ஒலிப்பெட்டி: நான்கு மாத அனுபவம்

ஹேர் டிரையர் சத்தம் கேட்டால் எனக்குச் சிறுவயதிலிருந்தே கண் சொக்கும். அடுத்த அறையில் யாரோ பாத்திரம் கழுவும் ஓசையும் அப்படித்தான். அந்த ஆசையில்தான், தூங்குவதற்காகச் சீரான இரைச்சல் எழுப்பும் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

இதில் பதிவு செய்த ஒலி எதுவும் இல்லை. உள்ளே சிறு விசிறி ஒன்று உண்மையாகவே சுழல்கிறது. மூடியைத் திருகினால் காற்றுத் துளைகள் சுருங்கி விரிய, சுருதி மாறுகிறது. கைப்பேசிச் செயலியில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஓடும். ஒட்டுப்போட்ட இடத்தைக் காது கண்டுபிடித்துவிட்டால் போதும், அதற்காகவே காத்துக்கொண்டு விழித்துக் கிடப்பேன். இங்கே அந்தத் தொல்லையே இல்லை!

இத்தகைய சீரான இரைச்சல்களில் வகைகள் உண்டு. வெள்ளை இரைச்சல் என்பதில் எல்லா அதிர்வெண்களிலும் ஆற்றல் சமம். பழுப்பு இரைச்சலிலோ அதிர்வெண் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஆற்றல் 6 டெசிபெல் குறையும். தொலைதூர அருவிபோல் கனத்துக் கேட்கும். எனக்கு உயிர் அதுதான். துளைகளைப் பாதி மூடினால் ஏறக்குறைய அந்த முழக்கம் கிடைக்கிறது.

மர மேசையில் வைத்தபோது கிணுகிணுவென்று அதிர்ந்தது. அடியில் துண்டை மடித்து வைத்தேன், நின்றுவிட்டது. வேகம் இரண்டே நிலை. மூன்றாவதாக இன்னும் மெல்லிய ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும்.