கரண்ட் நிக்கிற ஊர்ல மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? தன்லின் கொல்லையில பல வருசம் ஓட்டிப் பாத்தது

ரங்கூன் பக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேர் இப்ப வீட்டுலயே மீன் வளக்குறாங்க, கொல்லை இருக்கவங்க தொட்டி கட்டுறாங்க, மாடி வீட்டுக்காரங்க நீல டிரம்ல திலேப்பியா விடுறாங்க, மேல ஒரு தட்டுல கசூன் கீரை (நம்ம வள்ளைக்கீரை) போட்டுக்கிறாங்க. நல்ல விசயம். ஆனா ஃபில்டர்னு வந்தா எல்லாரும் வீடியோ பாத்து வெளிநாட்டு டிசைனையே கட்டுறாங்க, அந்த டிசைன் எல்லாம் கரண்ட் நிக்கவே நிக்காதுங்கிற நம்பிக்கையில பண்ணது. நம்ம ஊருக்கு அது சரிப்பட்டு வராது. என்கிட்ட ஒரு ஆயிரம் லிட்டர் ஐபிசி டேங்க் (கம்பிக் கூண்டு போட்ட சதுர பிளாஸ்டிக் தொட்டி), ரெண்டு கீரைப் பாத்தி, பக்கத்துலயே குழாய்க் கிணறு. மூணு விதமான ஃபில்டர் இதுல ஓட்டிப் பாத்தாச்சு, எது நின்னுச்சு எது நிக்கலைன்னு சொல்றேன்.

முதல்ல ஃபில்டர்னா என்னன்னு ஒரு வார்த்தை, ஏன்னா அழுக்கை வடிகட்டுறதுதான் ஃபில்டர்னு நெனைக்கிறவங்கதான் ஜாஸ்தி. மீன் விடுற அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் மாதிரி பாக்டீரியா தின்னு நைட்ரைட் ஆக்கும், அதை நைட்ரோஸ்பைரா மாதிரி இன்னொரு கூட்டம் தின்னு நைட்ரேட் ஆக்கும், அந்த நைட்ரேட்டைக் கீரை எடுத்துக்குது. இந்த ரெண்டு கூட்டமும் கல்லு மேல, ஓடு மேல வழவழன்னு ஒட்டிக்கிட்டு வாழும். அதுங்களுக்கு வேண்டியது மூணே விசயம், ஒட்ட ஒரு இடம், ஆக்சிஜன், தண்ணியில கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து. எல்லாரும் ஒட்டுற இடத்தைப் பத்தியே பேசுறாங்க, கடையில விக்கிற பிளாஸ்டிக் உருண்டை பயோபால் வாங்கலாமா, பிளாஸ்டிக் சக்கரம் மாதிரி இருக்க கே1 வாங்கலாமான்னு. இங்க ஃபில்டரைக் கொல்றது மத்த ரெண்டும்தான். கரண்ட் போனா ஆக்சிஜன் போகுது, மழை வந்தா சுண்ணாம்பு போகுது.

கணக்கு போட்டுப் பாருங்க. முப்பது சதவீதம் புரதம் இருக்க தீனி 100 கிராம் போட்டா சுமார் 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணிக்குள்ள வரும். அந்த 3 கிராமை நைட்ரேட் ஆக்க பாக்டீரியாவுக்கு 13 கிராமுக்கு மேல ஆக்சிஜன் வேணும், 20 கிராமுக்குக் குறையாம கால்சியம் கார்பனேட் அளவு காரத்தன்மையும் கரைஞ்சு போகும். 30 டிகிரி சூட்டுல ஒரு லிட்டர் தண்ணி ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். அப்ப ஆயிரம் லிட்டர்ல மொத்தமே ஏழரை கிராம், அதுலதான் மீனும் மூச்சு விடணும். வெளிய இருந்து காத்து உள்ள போய்க்கிட்டே இருந்தாதான் இந்தக் கணக்கு ஓடும்.

இப்ப முதல் டிசைன், மூடி போட்ட டிரம். உள்ள நெறைய மீடியா, அதாவது பாக்டீரியா ஒட்டுற பொருள், தண்ணி கீழ நுழைஞ்சு ஏறி மேல வெளிய வரும். கரண்ட் இருக்க வரைக்கும் அருமையா வேலை செய்யும், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். கரண்ட் போச்சுன்னா உள்ள நிக்கிற தண்ணியில மிச்சம் இருக்க ஆக்சிஜனை அந்த பாக்டீரியாவே தின்னு தீத்துடும், அப்புறம் அழுக ஆரம்பிச்சு முட்டை நாத்தம் வரும். எங்க தெருவுல ஒரு அண்ணன் இதைத்தான் வச்சிருக்காரு. கரண்ட் வந்ததும் தெருவே "மீ லாப்பி" (கரண்ட் வந்துருச்சு)ன்னு கத்தும் இல்ல, எல்லாரும் தண்ணி மோட்டார் போட ஓடுவாங்க, இவரு மீன் பம்ப் சுவிட்சைத் தொட மாட்டாரு, நேரா கொல்லைக்குப் போய் டிரம்மோட அடி வால்வைத் தொறந்து அந்தக் கறுப்புத் தண்ணியை முழுசா வெளிய விட்டுட்டுத்தான் பம்ப் போடுவாரு. அதை அப்படியே தொட்டிக்குள்ள தள்ளினா மீன் எல்லாம் மேல வந்து வாயைத் தொறக்கும். அந்த டிரம் வச்சிருக்கவங்க இவரு பண்றதையே பண்ணுங்க. புதுசா கட்டுறவங்க அதைக் கட்டாதீங்க.

ரெண்டாவது, கல்லுப் பாத்தியும் பெல் சைஃபனும், அதாவது நிலைக்குழாய் மேல மணி மாதிரி ஒரு மூடி கவுத்து வச்ச வடிகுழாய். இது அழகான ஏற்பாடு, தண்ணி ரொம்பும், தானா கொட்டும், மறுபடி ரொம்பும், கொட்டும்போது காத்து உள்ள போகும். கரண்ட் போனா பம்ப் வழியாவோ சின்ன ஓட்டை வழியாவோ தண்ணி இறங்கிடும், கல்லு ஈரமா காத்துல நிக்கும், பாக்டீரியா பொழைச்சுக்கும். குறை என்னன்னா நம்ம வோல்டேஜ். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் அடுப்பு போடுற நேரம் பம்ப் சோம்பும், தண்ணி வரத்து குறைஞ்சா சைஃபன் இழுக்காது, குழாய் விளிம்புல சும்மா வழிஞ்சுக்கிட்டே நிக்கும், பாத்தி ரொம்பினபடியே கிடக்கும். நான் பெல்லை எடுத்துட்டு சும்மா ஒரு நிலைக்குழாய் வச்சு அடியில ஒரு ஓட்டை போட்டு ஓட்டுறேன், பம்ப் நின்னா தானா வடியும், கீரைக்கு ஒரு குறையும் இல்ல. இதை ஃபில்டருக்குத் துணைன்னு வச்சுக்கலாம், இதை மட்டும் நம்பக்கூடாது, வருசம் ஆக ஆக கல்லு இடுக்குல சேறு சேரும், செடி வேரோட அதைக் கழுவுறது பெரிய பாடு.

மூணாவதுதான் என் மனசுக்குப் பிடிச்சது, இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. காய்கறி கொண்டு வர்ற பிளாஸ்டிக் கூடை நாலு, உள்ள உடைஞ்ச பானை ஓடு ரொப்பி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, மேல ஓட்டை போட்ட பிவிசி குழாய், கீழ தண்ணி நேரா தொட்டியில விழும். டவர் மாதிரி நிக்கும். தண்ணி சொட்டிச் சொட்டி இறங்குறப்ப ஒவ்வொரு ஓட்டுலயும் காத்தோட கலக்குது, ஆக்சிஜன் தனியா குடுக்க வேண்டியதே இல்ல. கரண்ட் நின்னா என்ன ஆகும்? ஓடு ஈரமா காத்துலயே இருக்கு, நாலஞ்சு மணி நேரம் ஆனாலும் பாக்டீரியாவுக்கு ஒண்ணும் ஆகாது, வெயில் காலத்துல மேல ஒரு ஈரச் சாக்கு போட்டுட்டா இன்னும் தாங்கும். வெயில் நேரா படக்கூடாது, பாக்டீரியாவுக்கு வெளிச்சம் ஆகாது, பாசியும் பிடிக்கும், அதனால சுத்தி கறுப்பு வலை கட்டியிருக்கேன்.

உள்ள என்ன போடுறதுன்னா, எனக்குத் துவாந்தே ஓடு. துவாந்தேல பானை சுடுற இடத்துல உடைஞ்ச பானை குவிஞ்சு கிடக்கும். மெருகு போடாத சட்டி ஓட்டை சாக்குல வச்சுத் தட்டி பெருவிரல் நகம் அளவுக்கு உடைச்சு, தூசி போகக் கழுவிப் போட்டேன். செங்கலும் நல்லதுதான், ஆனா நல்லா வெந்த கல்லா இருக்கணும், அரைவேக்காட்டுக் கல்லு கரைஞ்சு சேறாயிடும். ஒரு துண்டை ராத்திரி தண்ணியில போட்டு வச்சு காலையில விரலால தேச்சுப் பாருங்க, கையில சிவப்பா குழைஞ்சு வந்தா வேணாம். மாடியில வைக்கிறவங்க எடைக்குப் பயந்தா பாட்டில் மூடி போடுங்க, ஒட்டுற இடம் கம்மி, அதனால கூடையைக் கூட்டிக்கணும். தேங்காய் நார் போடவே போடாதீங்க, கொஞ்ச நாள்ல அழுகித் தண்ணி டீ கலருக்கு வந்துடும். பழைய மீன் வலை நல்லாத்தான் ஒட்டும், ஆனா சேறு பிடிச்சா கழுவ உயிர் போகும். ரொம்பச் சன்னமா உடைச்சா பரப்பு கூடும்னு சிலர் பொடிப் பொடியா போடுறாங்க, அது அடைச்சுக்கிட்டு ஒரே பக்கமா தண்ணி ஓடும், மீதி ஓடு காஞ்சு கிடக்கும்.

டவருக்கு முன்னாடி கழிவைப் பிடிக்க ஒரு சின்ன டிரம் கட்டாயம் வேணும். தொட்டித் தண்ணி பக்கவாட்டுல நுழைஞ்சு சுத்திச் சுத்தி மெதுவா போகும், கழிவு நடுவுல அடியில உக்காந்துக்கும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அடி வால்வைத் தொறந்தா கறுப்பா வரும், அது எங்க வீட்டு வாழைக்கும் சின்பாவ் (புளிச்சக்கீரை) பாத்திக்கும் போகுது, இலை உள்ளங்கை அளவுக்கு வருது. இந்த டிரம் இல்லாம டவர் கட்டினா மேல் கூடை சீக்கிரமே சேறாகும். இந்த டிரம்ல ரெண்டு கப்பி மீன் விட்டுடுங்க, இல்லேன்னா கொசு முட்டை போடும்.

மழைக்காலம் பத்திச் சொல்லணும். மே நடுவுல ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் ஊத்துது, தொறந்த தொட்டின்னா பாதித் தண்ணி மழைத் தண்ணிதான். மழைத் தண்ணியில காரம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, பாக்டீரியா வேற இருக்கறதையும் தின்னுடுது, அப்ப பிஎச் மெல்ல மெல்ல இறங்கி 6 கிட்ட வந்தா பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திடும். தண்ணி தெளிவாத்தான் இருக்கும், மீனும் தின்னும், டெஸ்ட் போட்டா அம்மோனியா ஏறியிருக்கும். இதுக்கு நான் பண்றது, சிப்பியும் மட்டி ஓடும் கழுவி ஒரு வெங்காய வலைப் பையில கட்டி டவர் குழாய்க்கு நேர் கீழ தொங்க விடுறது. தண்ணி புளிச்சா சிப்பி தானா கரையும், புளிக்கலைன்னா சும்மா இருக்கும். மழைக்கு முன்னாடி கூர் கூரா இருந்த சிப்பி ஓடு மழை முடியறப்ப விளிம்பு மழுங்கி, கையில எடுத்தா பொருபொருன்னு இருக்கும், புதுசு போட்டுடுவேன்.

தெருமுனை வெத்தலைக் கடையில சுண்ணாம்பு கிடைக்குதேன்னு சிலர் அதை ஒரு கரண்டி எடுத்துக் கரைச்சு ஊத்துறாங்க. தயவுசெஞ்சு வேணாம். பிஎச் ஒரேடியா ஏறும், 30 டிகிரியில பிஎச் 7ல அம்மோனியாவுல நூத்துல ஒரு பங்கு கூட விஷமா இருக்காது, அதே தண்ணி 8க்குப் போனா நூத்துல ஏழு பங்குக்கு மேல விஷமாயிடும். அம்மோனியா ஏறியிருக்க நேரம் பாத்து அதைச் செஞ்சா காலையில தொட்டி பூரா மிதக்கும்.

குழாய்க் கிணத்துத் தண்ணியில எங்களுக்கு இரும்பு ஜாஸ்தி, நேரா தொட்டியில விட்டா ஓட்டு மேல ஆரஞ்சு கலர் சேறு பூசிக்கும், அதனால தனி டிரம்ல கொட்டி ஒரு ராத்திரி காத்து விட்டு, துரு அடியில உக்காந்த பிறகு மேல் தண்ணியை மட்டும் எடுக்கிறேன்.

டவர்ல குறையே இல்லையான்னா இருக்கு. தண்ணி ஆவியாகும், சத்தம் போடும், டிசம்பர் ஜனவரி ராத்திரியில தண்ணியை ரொம்பக் குளுர வச்சுடும், அப்ப திலேப்பியா சரியா தின்னாது, அந்த மாசங்கள்ல தார்ப்பாய் சுத்தி தீனியைக் குறைச்சுடுவேன். முக்கியமான விசயம், கரண்ட் போனா டவர் தாங்கும், மீன் தாங்காது. அதுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் தனியா வச்சே ஆகணும், சோலார் இருந்தா ரொம்ப நல்லது. கரண்ட் இல்லாத நேரம் தீனி போடக்கூடாது, வந்து ஒரு மணி நேரம் கழிச்சுப் போடுங்க. எத்தனை மீன் விடலாம்னா, புத்தகங்கள்ல ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ வரைக்கும்னு போட்டிருக்கும், நம்ம கரண்டுக்கு அதுல பாதி கூட வேணாம், அஞ்சு வீசைக்கு (சுமார் எட்டு கிலோ) மேல நான் போறதில்ல.

கழுவுறப்ப ஒரு தடவைக்கு ஒரு கூடைதான், அதுவும் தொட்டித் தண்ணியிலயே லேசா அலசுங்க, சோப்பு கிட்டயே வரக்கூடாது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஓட்டுல பாக்டீரியா பிடிக்க இந்தச் சூட்டுலயே ஒரு மாசம் ஆகும், அந்த மாசம்தான் மீன் சாகும், நைட்ரைட் ஏறினா லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போட்டா மீனுக்குத் தாங்கும், ஆனா கீரை வைக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியைப் பாதிக்கு மேல மாத்திடுங்க. அதுக்குப் பதிலா ஓடுற டவர்ல இருந்து ஒரு வாளி ஓடு வாங்கி உங்க கூடையில கலந்துட்டா ரெண்டு வாரத்துக்குள்ள வேலை ஆரம்பிச்சுடும். மீன் சீக்கு எதுவும் இல்லாத தொட்டியா பாத்து வாங்குங்க. வாங்குறப்ப தண்ணி ரொப்பி மூடி எடுத்துட்டுப் போகாதீங்க, தண்ணியை வடிச்சுட்டு ஈரச் சாக்குல சுத்தி எடுங்க, தன்லின்ல இருந்து பெகு வரைக்கும் கூட ஒண்ணும் ஆகாம போய்ச் சேரும்.