முகமூடியா, மாவீரனா?

எங்கள் பெரம்பூர்க் குடியிருப்பில் விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கென ஒரு தமிழ் சூப்பர் ஹீரோ படம் திரையிடத் தீர்மானமானபோது, மிஷ்கின் இயக்கிய ‘முகமூடி’ (2012), மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’ (2023) ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. நான் மாவீரனையே தேர்ந்தெடுத்தேன். முகமூடியின் இயக்குநரே இதில் அமைச்சர் ஜெயக்கொடியாக வந்து மிரட்டுகிறார் என்பது தனிச் சுவை.

நடிப்பிலும் இசையிலும் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. சண்டைக் காட்சிகளில் முகமூடியின் கை ஓங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. குங்ஃபூ பயின்றவர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

இந்த ஊருக்கு இப்படியொரு வீரன் எதற்கு என்ற கேள்வியில்தான் முகமூடி சறுக்குகிறது. காதலியைக் கவர விளையாட்டாக மாட்டிய வேடம், பழி விழுந்த பிறகு கழற்ற முடியாத சுமையாகிறது என்ற அருமையான கரு கையில் இருந்தும், படம் அதை விட்டுவிட்டுக் கொள்ளைக் கூட்டத்தின் பின்னாலும் குங்ஃபூக்காரர்களின் பழைய பகையின் பின்னாலும் போய்விடுகிறது. ஜீவாவின் நாயகன் தன்மேல் விழுந்த பழியைத் துடைக்கவே போராடுகிறான். சென்னைக்குப் பதில் வேறு நகரத்தை வைத்தாலும் கதையில் ஒன்றும் குறையாது.

மாவீரனை அப்படி இடம் மாற்றிவிட முடியாது. குடிசையிலிருந்து அகற்றப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்தின் வீட்டில் கை பட்ட இடமெல்லாம் பூச்சு உதிர்கிறது; தாய் (சரிதா) நியாயம் கேட்கக் கிளம்ப, மகன் சத்யா (சிவகார்த்திகேயன்) பொறுத்துப்போகலாம் என்று இழுக்கிறான். 2021-இல் சென்னை புளியந்தோப்பில் அரசு கட்டிய கே.பி. பார்க் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்து எழுந்த சர்ச்சை நினைவிருப்பவர்களுக்கு இது கற்பனையாகவே தோன்றாது. இடியும் கட்டடத்துக்குள் ஆட்கள் இருக்கும்போது வீரன் ஏன் வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சத்யாவுக்கு மட்டும் கேட்டு அவனை வீரனாக ஏவும் விஜய் சேதுபதியின் குரல் ஒலிக்கும்போதெல்லாம் சிவகார்த்திகேயன் அண்ணாந்து பார்த்து விழிக்கும் விழியில், வீரம் விருப்பமின்றித் தலையில் கட்டப்பட்ட வேலையாகத் தெரிகிறது; பிள்ளைகள் அதிகம் சிரித்ததும் அங்கேதான்.

குறை இல்லாமலில்லை. இடைவேளைக்குப் பின் படம் நீள்கிறது. அந்தக் குரல் எப்போது உதவும், எப்போது கைவிடும் என்பதில் ஒழுங்கு தென்படவில்லை. ஆயினும் பத்து வயதுப் பிள்ளை கதையைத் தவறவிடாது. சண்டைக்காகவே படம் பார்க்கும் பெரிய பையன்கள் மட்டும் கூடினால் முகமூடியைத் தாராளமாகப் போடலாம்.