முழுப் பிரதியா, ஒற்றைத் தாளா? வகுப்பெடுக்கப் பயப்படுவோருக்கு ஓர் ஒப்பீடு

இலங்கையின் கிழக்கில் தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளிலிருந்து முதன்முதலாகப் பாடசாலைக்குப் போகும் பயிலுநர்கள், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் புதிதாக விரிவுரைக்கு நிற்பவர்கள், பல வருடம் கற்பித்தும் புதிய தரம் கைக்கு வந்ததும் வயிறு கலங்குபவர்கள் என எல்லோருக்கும் பயம் ஒன்றுதான்: நடுவில் எல்லாம் மறந்துபோய் நின்றுவிட்டால் என்ன செய்வது? இதற்கு இரண்டு வகை ஆயத்தம் வழக்கத்தில் உண்டு. சொல்லப்போவதை வசனம் வசனமாக எழுதிப் பாடமாக்குவது ஒன்று. பாடத்தின் எலும்புக்கூட்டை ஒரே தாளில் எழுதிக்கொண்டு, முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் வாய்விட்டு ஒத்திகை பார்ப்பது மற்றது. இரண்டையும் கையாண்டு பார்த்து ஒற்றைத் தாளைத் தேர்ந்த பிறகு எழுதும் அலசல் இது. ஆகவே தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முழுப் பிரதி முந்தின இரவு நிம்மதியாகத் தூங்க உதவும். ஒற்றைத் தாள் நேரத்தை மிச்சப்படுத்தும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தீர்மானிக்கும் விடயம் வேறு. எப்படி ஆயத்தமானாலும் எங்கோ ஓரிடத்தில் மறதி வரும். அப்போது பாடத்துக்குத் திரும்பி வர எத்தனை நொடி பிடிக்கும் என்பதை வைத்தே இரண்டையும் எடைபோட வேண்டும்.

40 நிமிடப் பாடவேளைக்கு முழுப் பிரதி எழுதினால் கையெழுத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கத்தைத் தாண்டும். நான்காம் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பிள்ளை எழும்பி, “விளங்கல்ல சேர்” என்கிறது. வேறு உதாரணம் சொல்லி விளக்குகிறீர்கள். திரும்பி வந்தால் விட்ட வரி எங்கே என்று தெரியாது. மேலே மின்விசிறி சுற்றினால் தாள்களும் இடம் மாறியிருக்கும். வரியைத் தேடும் பத்து நொடி வகுப்புக்குப் பெரிதல்ல. நிற்பவருக்கோ அது முடிவில்லாத நேரம். அங்கேதான் வியர்க்கத் தொடங்குகிறது.

இன்னொரு சிக்கல் நம் எழுத்து நடையிலேயே இருக்கிறது. நீண்ட எழுத்து வசனத்தில் வினை கடைசியில்தான் வரும். இடையில் ஒரு சொல் நழுவினால் வினைக்குப் போய்ச் சேர வழியில்லாமல் வாய் அடைத்துவிடும். பேச்சு வழக்கில் சொல்பவர் அதே இடத்தில் வசனத்தை உடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எழுதியதை ஒப்புவிக்கும்போது குரலும் ஒரே சீராகிவிடும். பிள்ளைகள் பராக்குப் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும்.

ஒற்றைத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதினால் அது உதவாது. ஏ4 அளவு பிறிஸ்டல் போட் என்ற தடித்த அட்டைத் துண்டு ஒன்றை எடுங்கள். மெல்லிய தாள் கையில் நடுங்குவது பின்வரிசைக்கும் தெரியும். அட்டை மேசையில் கிடக்கும், காற்றிலும் பறக்காது. ஒரு பக்கம் மட்டும், நின்றபடியே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் எழுதுங்கள். இடது ஓரத்தில் கடிகார நேரம்: 8.30, 8.35, 8.50, 9.05. “பத்து நிமிடம்” என்று எழுதினால் வகுப்பில் நின்று கழித்துப் பார்க்க வேண்டிவரும். பதற்றத்தில் அந்தக் கணக்கே பிழைக்கும். நடுவில் பாடப் படிகள், படிக்கு நாலைந்து சொல். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும், வாயால் சொல்வது போலவே, முழுதாக எழுதுங்கள்.

வலது பக்கம் உதாரணங்களுக்கு, விடையோடு. தரம் 10 எளிய வட்டி என்றால் “20,000 ரூபா, ஆண்டுக்கு 12%, 2 ஆண்டு: வட்டி 4,800” என்று செய்துமுடித்த கணக்காகவே இருக்கட்டும். கரும்பலகையில் நின்று இலக்கங்களை யோசித்துப் போடும்போது பின்னம் வந்து மாட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. அதற்குக் கீழே மூன்று கேள்விகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் “3” என்ற இலக்கம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். பதற்றமுள்ளவர் அந்த ஒரு நொடிகூடப் பொறுக்காமல் தானே விடையைச் சொல்லிவிடுவார். அந்த இலக்கம் அதைத் தடுக்கத்தான்.

அடியில் ஒரு கட்டம் போட்டு, மூன்று நிமிட வேலை ஒன்றை எழுதிவையுங்கள்: “பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து இதைச் செய்யுங்கள்.” மறதி வந்தால் இதைக் கொடுத்துவிட்டு அட்டையைப் பார்க்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வகுப்பு வேலையில் இருக்கும். நீங்கள் தடுமாறியது எவருக்கும் தெரியாது. முழுப் பிரதியில் இப்படியொரு கதவே இல்லை. ஒற்றைத் தாளைப் பெரிதாக மதிப்பதற்கு முதற்காரணம் இந்தக் கட்டம்தான்.

முதல் ஐந்து நிமிட ஒத்திகையை விட்டுவிடக் கூடாது. படபடப்பு பெரும்பாலும் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்து, பேசப் பேச இறங்கும். எழும்பி நின்று, சத்தமாக, வெண்கட்டியும் கையுமாக மூன்று தடவை செய்யுங்கள். ஒரு தடவை போனில் பதிந்து கேளுங்கள். மனதுக்குள் வாசித்தது ஒத்திகையில் சேராது. முடிந்தால் அந்த வகுப்பறையிலேயே கரும்பலகையில் இரண்டு வரி எழுதிவிட்டு, கடைசி வாங்கில் போய் இருந்து தெரிகிறதா என்று பாருங்கள். அரைச்சுவர் வகுப்பறை என்றால் அடுத்த வகுப்பு நடக்கும் வேளையில் போங்கள். குரலை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அப்போதுதான் பிடிபடும்.

இரண்டு முறையுமே உடல் நடுக்கத்தை நிறுத்தாது. ஆனால் உள்ளே நடப்பது வெளியே தெரிவதாக நாம் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. கிலோவிச், சாவிட்ஸ்கி, மெட்வெக் என்ற உளவியலாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சொல்கிறது.

முழுப் பிரதி வெல்லும் இடங்களும் உண்டு. ஆங்கில மொழிமூல விரிவுரை, பதிவுசெய்து அனுப்பும் பாடம், ஒரு சொல்லும் மாறக்கூடாத வரைவிலக்கணம் ஆகியவற்றுக்கு எழுதி வைப்பதே நல்லது. ஆங்கிலத்தில் முதல் தவணை எடுப்பவர் தொடக்கத்தையும், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் வசனங்களையும் மட்டும் முழுதாக எழுதிவைத்தாலே பெரும்பாலும் போதும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, பாடசாலை வாசலில் வாந்தி வருகிறது என்ற நிலைக்கு இரண்டுமே மருந்தல்ல. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம், வைத்தியரைப் பார்க்கலாம். நண்பர் தந்தார் என்று, படபடப்பைக் குறைக்கும் புறொப்பிரனலோல் குளிசையை மட்டும் போடாதீர்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் ஒரே அறையில் இரண்டு மூன்று தரங்களை ஒன்றாக வைத்துக் கற்பிப்பவர்களுக்கு இந்த அட்டை அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அந்த அனுபவம் குறைவு. தரத்துக்கு ஒரு நிறப் பேனை, தரத்துக்கு ஒரு மூன்று நிமிட வேலை என்று பிரித்துத் தொடங்கிப் பார்க்கலாம்.