திறந்த காக்பிட்டா, நகரும் கூரையா, மேல்தளமா? சொகுசு மோட்டார் யாட் ஒப்பீடு

ஓபன் யாட், அதாவது மேல்தளம் இல்லாத சொகுசு மோட்டார் படகு, பார்க்க வருபவர்கள் படகில் ஏறியதும் நேராகக் கீழே இறங்கிவிடுகிறார்கள். படுக்கை எவ்வளவு அகலம், குளியலறையில் என்ன கல், அலமாரிக் கதவுக்கு எந்த மரம் என்று பார்க்கிறார்கள். ஆனால் இந்த வகைப் படகில் கீழே கழிவது தூங்கும் நேரம்தான். பகல் முழுதும் மேலே, ஓட்டுநரும் விருந்தினரும் உட்காரும் தளமான காக்பிட்டில். ஓபன் யாட்டின் கூடம் அதுதான். அங்கே நிழல் எங்கிருந்து வருகிறது, காற்று எப்படி நுழைகிறது, ஈரம் எப்படி வடிகிறது என்பவை சரியாக இருந்தால், கீழே உள்ள குறைகளோடு வாழ்ந்துவிடலாம். அவை தவறினால் கீழே எத்தனை சலவைக்கல் பதித்திருந்தும் பயனில்லை. அதனால் கூரையிலிருந்தே தொடங்குவோம்.

இங்கே ஒப்பிடுவது ஏறத்தாழ 12 மீட்டரிலிருந்து 24 மீட்டர் வரையுள்ள மூன்று வகைகளை: துணிக்கூரை மட்டுமே உள்ள முழுத் திறந்த படகு, நகரும் திறப்புடன் கூடிய ஹார்ட்டாப் (கெட்டிக்கூரை) படகு, தலைக்கு மேல் இன்னொரு தளம் கொண்ட ஃபிளைபிரிட்ஜ்.

முழுத் திறப்பு

இந்த வடிவத்தின் மூதாதை இத்தாலியின் ரீவா நிறுவனத்தின் அக்வாராமா படகு. 1962 முதல் 1996 வரை மகோகனி மரத்தில் கட்டப்பட்டது. வளைந்த முன்கண்ணாடி, அதன் பின்னே இருக்கைகள், பின்னால் எஞ்சின்களுக்கு மேலே மெத்தை விரித்த வெயில் படுக்கை. இன்றும் பெரும்பாலான ஓபன் படகுகளின் பின்பகுதி இந்தக் கணக்கில்தான் அமைகிறது. எஞ்சின் அறையின் மூடியே படுக்கைத் தளமாகிறது. படகு பெரிதானால் இரண்டுக்கும் நடுவே சிறு படகு வைக்கும் கொட்டடி ஒன்று சேர்ந்துகொள்கிறது.

இதன் பலம் எடை. உச்சியில் எதுவும் இல்லாததால் ஈர்ப்பு மையம் கீழேயே இருக்கிறது. திரும்பும்போது படகு நிதானமாகச் சாய்ந்து எழும். பலவீனம் காற்று. 30 நாட் வேகம் என்பது மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பிமினி எனப்படும் மடக்குத் துணிக்கூரை பலூன்போல உப்பி, கம்பிச் சட்டத்தின் மூட்டுகளை ஆட்டத் தொடங்கும். முதலில் தளர்வது மூட்டில் உள்ள சிறு பின்கள்தான். ஆகவே பெரும்பாலான பிமினிகளை வேகம் எடுக்கும் முன் மடித்துவிட வேண்டும். நங்கூரமிட்டிருக்கும்போது நிழல், ஓடும்போது வெயில் என்பதே இந்தப் படகின் நியதி. இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் பயணங்களுக்கு இது பொருந்தும். ஐந்து மணி நேரம் ஓட வேண்டும் என்றால் மாலுமியும் விருந்தினரும் வாடிப்போவார்கள்.

துணி எடுக்கும்போது நூலைக் கேளுங்கள். சாயம் இழையிலேயே ஊறிய அக்ரிலிக் துணி பல ஆண்டுகள் தாங்கும். அதைப் பாலியெஸ்டர் நூலால் தைத்திருந்தால் வெயில் முதலில் நூலைத்தான் தின்னும். துணி நன்றாக இருக்கும்போதே தையல் பிரியும். பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூலால் தைக்கச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை.

நகரும் கூரை

இன்று ஓபன் என்று விற்கப்படும் படகுகளில் பெரும்பகுதி உண்மையில் இந்த வகைதான். நிலையான கூரை, நடுவில் கண்ணாடியாலோ துணியாலோ ஆன நகரும் திறப்பு, பின்புறம் சில படகுகளில் மேலேறும் கண்ணாடிச் சுவர். மூடினால் குளிரூட்டிய அறை, திறந்தால் வானம். கேட்பதற்கு இரண்டு உலகமும் ஒன்றாகக் கிடைத்ததுபோல இருக்கும். பெருமளவு அது உண்மையும்கூட. ஆனால் விலைக்கும் பராமரிப்புக்கும் காரணமான இடமும் அந்தத் திறப்புதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

திறப்பு இரு பக்கத் தண்டவாளங்களில் ஓடுகிறது. சுற்றிலும் ரப்பர் விளிம்பு இருந்தாலும், தண்ணீரை முழுதாகத் தடுப்பது அதன் வேலை அல்ல. உள்ளே வரும் நீர் ஒரு வாய்க்காலில் விழுந்து, மூலைகளில் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் கூரைத் தூண்களுக்குள் இறங்கி வெளியேற வேண்டும். உப்பும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய் வாயை அடைத்ததும் வாய்க்கால் நிரம்பி வழிகிறது. தண்ணீர் சொட்டுவது அடைப்புக்கு நேர்கீழே அல்ல. உட்கூரைப் பலகைமேல் ஓடி, விளக்குத் துளை எங்கே இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். விளக்கு கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளை நன்னீர் ஊற்றி, அது வெளியே எங்கு வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்த கோளாறு, கோணலாகச் சிக்குவது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார் உள்ள அமைப்புகளில் ஒரு பக்கத் தண்டவாளத்தில் உப்பு படிந்தால் அந்தப் பக்கம் பின்தங்கும். திறப்பு குறுக்காகத் திரும்பி இறுகிவிடும். இந்த நிலையில் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவது பல்சக்கரத்தை உடைக்கும் வழி. தண்டவாளத்தை நன்னீரில் கழுவி, உலரவிட்டு, சிலிகான் மசகு மெல்லியதாகத் தடவ வேண்டும். கிரீஸ் வேண்டாம், அது மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மின்சாரம் போனால் கையால் மூடும் திருகுகோல் எங்கே இருக்கிறது என்பதையும் மழைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

கூரையின் எடையும் பேசப்பட வேண்டியது. கண்ணாடியிழைக் கூரை மலிவு, கனம் அதிகம். கார்பன் இழைக் கூரை இலகு. அந்தக் கூடுதல் விலை ஆடம்பரம் அல்ல. நீர்மட்டத்துக்கு மூன்று மீட்டர் மேலே குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் கீழே குறைப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

இந்த வகையில் ரீவாவின் 88 ஃபுளோரிடா தனித்து நிற்கிறது. அதன் கூரை நகர்ந்து, வேண்டியபோது ஸ்டீயரிங் பக்கத்தையும் வேண்டியபோது முன்தள வெயில் படுக்கையையும் மூடும். யோசனை அழகானது. ஆனால் நகரும் உறுப்பு கூடக் கூட, உப்புக் காற்றில் கவனிக்க வேண்டிய மூட்டும் கூடுகிறது.

ஓட்டுநர் இருக்கையில் இரண்டு விஷயங்களைப் பகல் வெயிலில் சோதிக்க வேண்டும். ஒன்று, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையின் நிறம். வெளிர் தோல் விரித்திருந்தால் அதன் பிம்பம் சாய்ந்த கண்ணாடியில் விழுந்து எதிரே வரும் மிதவையை மறைக்கும். அங்கே பளபளப்பில்லாத கருமையே சரி. இரண்டு, போலரைஸ்டு கண்ணாடி அணிந்துகொண்டு திரைகளைப் பாருங்கள். சில திரைகள் குறிப்பிட்ட கோணத்தில் முழுக் கறுப்பாகத் தெரியும்.

மேல்தளம்

ஃபிளைபிரிட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே நீளத்தில் இடம் அதிகம் கிடைப்பது இதில்தான். கீழே சுவர்களோடு ஒரு கூடம், மேலே திறந்த இன்னொன்று. படகில் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு இதுவே சரி. ஆனால் கடலோடு உள்ள நெருக்கம் போய்விடுகிறது. மேலே பத்துப் பேர் ஏறினால் 750 கிலோ உச்சியில் நிற்கிறது. பக்கவாட்டு ஆட்டம் கீழே இருப்பவரைவிட மேலே இருப்பவரை அதிகம் வீசும். மேல்தளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று கையேட்டில் வரம்பு போட்டிருந்தால் அதை மதியுங்கள். ஐரோப்பிய விதிப்படி கட்டிய படகில், கட்டியவரின் தகடு வடிவமைப்பு வகையையும் ஆள் எண்ணிக்கையையும் சொல்லும். பி வகை என்றால் காற்று அளவுகோலான பியூஃபோர்ட்டில் 8 வரை காற்றும் 4 மீட்டர் வரை அலையும். ஏ வகை அதைத் தாண்டியது. ஒரே படகு இரண்டு வகைக்கும் வெவ்வேறு ஆள் எண்ணிக்கையோடு பதிவாகியிருக்கலாம்.

கீழே: நடுக் கேபினா, முன் கேபினா

ஓபன் படகில் உரிமையாளர் அறையை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி. நடுவில் வைத்தால் படகின் முழு அகலமும் கிடைக்கும், குலுக்கல் குறைவு. ஆனால் தலைக்கு மேலே காக்பிட்டின் தரை. நடமாடும் இடத்தில் நிமிர்ந்து நிற்கலாம், படுக்கைக்கு மேலே கூரை தாழ்ந்துவிடும். எழும்போது தலை இடிக்கிறதா என்பதைப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். விற்பவர் முன்னால் கூச்சப்படாமல் படுங்கள்.

நடுக் கேபினின் பின்சுவருக்கு அப்பால் பெரும்பாலும் எஞ்சின் அறை. நல்ல வடிவமைப்பாளர் அந்தச் சுவரில் படுக்கைத் தலைமாட்டை வைப்பதில்லை. குளியலறையையோ உடை அலமாரியையோ, சில நேரம் எரிபொருள் தொட்டியையோ இடையில் வைத்து ஜெனரேட்டர் ஒலியைத் தடுப்பார். இந்த ஒரு விஷயத்துக்காகவே வரைபடத்தை விரித்துப் பார்க்கலாம்.

முன் கேபினில் தலைக்கு மேலே திறக்கும் ஜன்னல் உண்டு. காற்று வரும், அவசரத்துக்கு வெளியேறும் வழியும் அதுவே. ஆனால் அணியம் (படகின் முன்முனை) குறுகுவதால் படுக்கையின் ஒரு முனை ஒடுங்கும். நங்கூரமிட்ட இரவில் சிற்றலைகள் உடலின் விளிம்பு மடிப்பில் பட்டுச் சப்பென்று அறையும், சங்கிலி உரசும் ஒலி வேறு. மெல்லிய உறக்கம் உள்ளவருக்கு நடுக் கேபின்தான்.

உட்புறப் பூச்சில் எங்கள் தேர்வு பளபளப்பைவிட மங்கல் வார்னிஷ். பளபளப்புப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் பலகை முழுவதையும் தேய்த்துப் பூச வேண்டும். இழை தெரியும் மங்கல் பூச்சில் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். கல் வேண்டும் என்றால், மெல்லிய தகடாக அறுத்து அலுமினியத் தேன்கூட்டுப் பலகைமேல் ஒட்டியது வாங்குங்கள். முழுக் கல் கனம். படகின் உடல் நெளியும்போது விரிசலும் விடும்.

சமையலிடம்

கீழே அமைந்தால் காக்பிட் விசாலமாகும், ஆனால் வெப்பமும் வாசனையும் கேபினுக்குள் தங்கும்; தட்டை ஏந்திப் படியேறுவதும் தினசரி வேலையாகும். மேலே அமைந்தால் சமைப்பவர் கூட்டத்தோடு இருப்பார், உட்காரும் இடம் ஒன்று போகும். முழுத் திறந்த படகுக்குக் காக்பிட்டில் ஒரு கிரில், ஒரு தொட்டி, ஒரு இழுப்பறைக் குளிர்பெட்டி போதும் என்பது எங்கள் கருத்து. இழுப்பறை வகையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கதவு திறக்கும் குளிர்பெட்டியில் கனமான குளிர்காற்று முழுதும் காலடியில் கொட்டிவிடும், இழுப்பறையில் உள்ளேயே நிற்கும்.

மின் கணக்கைப் பலரும் பின்னால்தான் பார்க்கிறார்கள். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் கரை இணைப்பு தருவது சுமார் 3.7 கிலோவாட், 32 ஆம்பியர் தருவது 7.4 கிலோவாட். இன்டக்‌ஷன் அடுப்பு, வெந்நீர், இரண்டு குளிரூட்டிகள் ஒன்றாக ஓடினால் 16 ஆம்பியர் இணைப்பு துண்டித்துக்கொள்ளும். குளிரூட்டிக் கம்பிரசர் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. மெதுவாகக் கிளப்பும் கருவி ஒன்று பொருத்தினால் சிறிய ஜெனரேட்டரே சமாளிக்கும்.

காலடி

தேக்குத் தளத்துக்கு இணை இல்லை என்பதில் சந்தேகமில்லை. ஈரத்திலும் வழுக்காது, வெறுங்காலுக்கு இதம். கெடுவது பெரும்பாலும் மரத்தால் அல்ல, இடையில் நிரப்பிய கருப்பு ரப்பராலும் கழுவுபவராலும். அந்த ரப்பர் இரு பக்க மரத்தை மட்டும் பற்ற வேண்டும். பள்ளத்தின் அடியிலும் ஒட்டிக்கொண்டால், மரம் சுருங்கும்போது நீளவழியின்றிப் பிய்ந்துபோகும். பள்ளத்தின் அடியில் ஒட்டாத நாடா போட்டிருக்கிறார்களா என்று கேட்பது அதற்காகத்தான். இழையோட்டத்தின் திசையில் முரட்டுத் தூரிகையோ உயரழுத்த நீரோ பட்டால் மென்பகுதி அரித்து வரிவரியாகிவிடும். மென்மையான பஞ்சால் குறுக்கே தேய்ப்பதே முறை.

பிவிசி தேக்குப் போலியைக் கவலையின்றிக் கழுவலாம். ஆனால் அடர் நிறத்தில் வாங்கினால் நண்பகலில் கால் வைக்க முடியாது. துணிக்கூரைப் படகில் இது பெரிய குறை, ஹார்ட்டாப் நிழலில் சிறிய குறை. ஈவிஏ நுரைத் தளம் மெத்தென்று இருக்கும், நாற்காலிக் கால் தடம் பதியும், விரைவில் மாற்ற வேண்டிவரும்.

மெத்தைக்குள் சாதாரண நுரை இருக்கக் கூடாது. நீர் ஊடுருவி வழியும் திறந்த துளை நுரையும், அடியில் காற்று புக ஒரு வலைத்துணியும் இருந்தால் காலையில் உட்காரும்போது உடை நனையாது.

எஞ்சின் அமைப்பும் சோதனை ஓட்டமும்

எஞ்சினிலிருந்து நீண்ட தண்டு வழியாகப் புரொப்பல்லரைச் சுழற்றும் வழக்கமான தண்டு அமைப்பு எளிமை, எங்கும் பழுது பார்க்கலாம். வால்வோ பென்டா ஐபிஎஸ் போன்ற பாட் அமைப்பு (படகின் அடியில் தொங்கித் திரும்பும் புரொப்பல்லர் அலகு) எஞ்சினைப் பின்னால் தள்ளி, நடுவில் கேபினுக்கு இடம் விடுகிறது. ஜாய்ஸ்டிக்கால் படகைப் பக்கவாட்டில்கூட நகர்த்தலாம். பாறையில் மோதினால் படகின் உடலைக் காக்கப் பாட் பிய்ந்து விழும்படி செய்திருக்கிறார்கள், செலவோ பெரிது. புரொப்பல்லர் பாதி நீருக்கு மேலே சுழலும் சர்ஃபேஸ் டிரைவ் 40 நாட்டுக்கு மேல் தேடுபவர்களுக்கு. துறைமுகத்துக்குள் பின்னோக்கி எடுப்பதற்குப் பயிற்சி வேண்டும்.

ஆட்டம் அடக்க ஜைரோவா (உள்ளே வேகமாகச் சுழலும் கனச் சக்கரம்), துடுப்பா (உடலின் அடியில் பக்கவாட்டில் நீட்டிய தகடு) என்றால், ஓபன் யாட்டுக்கு ஜைரோ. பொழுதில் பெரும்பகுதி நங்கூரத்தில் கழிவதால். சக்கரம் முழு வேகம் எட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும் என்பதை நினைவில் வைத்து, வளைகுடாவை அடையும் முன்பே ஓடவிட வேண்டும்.

சோதனை ஓட்டத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்துச் செல்லுங்கள். பின் இருக்கையில் உட்கார்ந்து, 8 நாட், 20 நாட் ஆகிய இரு வேகங்களில், கூரை திறந்தும் மூடியும், அதைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். நான்கு நிலைகளில் ஏதாவது ஒன்றில் காகிதம் படகின் முன்பக்கமாகப் படபடத்தால், பின்னால் உருவாகும் காற்றுக் குழி எஞ்சின் புகையை உள்ளே இழுக்கிறது என்று பொருள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முன்பக்க ஜன்னலோ கூரைத் திறப்போ சிறிது திறந்து எதிர்க்காற்றை உள்ளே விட்டதும் காகிதம் பின்னோக்கித் திரும்புகிறதா பாருங்கள். திரும்பாத படகில் குழந்தைகளைப் பின் படுக்கையில் தூங்கவைத்து ஓட்டக் கூடாது. எச்சரிக்கைக் கருவி கேபினுக்குள் மட்டும் இருந்தால் போதாது, காக்பிட்டை மூடிப் பயன்படுத்தும் படகில் அங்கேயும் ஒன்று வேண்டும்.