கூரையைத் திறந்தவரும் சுவரை மதித்தவரும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் ஒரு பெரிய அரசுக் கட்டடம் எழுந்தால், அதன் சுவரில் உருவகப் பெண்களும் வந்துவிடுவார்கள். இசை, நீதி, அறிவியல் என ஆளுக்கொரு பெயர். அந்த வேலையில் எதிரும் புதிருமாக நின்ற ஓவியர்கள் இருவர், பால் போத்ரியும் பியூவிஸ் த ஷவானும்.

போத்ரியின் பெரும்பணி பாரிஸ் ஒபெரா என்னும் இசைநாடக அரங்கில், இடைவேளையில் கனவான்கள் உலாவும் கூடத்தில் இருக்கிறது. இதற்காகவே ரோமுக்குப் போய் மைக்கேலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் சிற்றாலயக் கூரையைப் பிரதி எடுத்துப் பழகியவர் அவர். 1874இல் முடித்தார். அண்ணாந்து பார்த்தால் கூரையே இல்லை, வானம்தான். அதில் உடல்கள் மிதக்கின்றன. கிரேக்கப் புராணத்தின் கலைத்தேவியர் ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குத்தான் இடம் கிடைத்தது, பாலிஹிம்னியா விடுபட்டாள். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் சுற்றிலும் தங்கப்பூச்சு, சரவிளக்கு. அந்தப் பளபளப்பில் எந்த ஓவியமும் தனித்து நிற்காது. போதாததற்கு எரிவாயு விளக்குகளின் புகை படிந்து படங்கள் கறுத்தும் போயின.

பியூவிஸுக்குச் சுவர் சுவராகவே இருக்க வேண்டும். போத்ரியைப் போலவே இவரும் சுவரின் ஈரச்சுண்ணத்தில் நேரடியாக வரையவில்லை. கித்தானில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிச் சுவரில் ஒட்டியதுதான். ஆனாலும் கல்லின் நிறத்தோடு ஒத்துப்போக வண்ணங்களை வெளிறவைத்தார், நிழலைக் குறைத்தார். பிரான்சின் பெரியோருக்கான நினைவு மண்டபமான பாந்தியோனில், பாரிஸின் காவல் புனிதரான ஜெனவியேவின் பால்ய காட்சிகளுக்குக் குறுக்கே தூண்கள் நிற்கின்றன. அவற்றைத் தாண்டியும் நிலக்காட்சி தொடர்கிறது. 'உயிரே இல்லை, சோகை பிடித்த ஓவியம்' என்று அன்று பலர் குறைபட்டார்கள். அவருடைய எல்லாப் படங்களுக்கும் என்னால் வாதாட முடியாது. சோர்போன் பல்கலைக்கழகப் பேரரங்கின் 'புனிதச் சோலை' ஓவியத்தில் உருவங்கள் எதற்கோ காத்திருப்பதுபோல உறைந்து நிற்கின்றன.

சரி, அப்படியென்றால் ஏன் பியூவிஸ் பக்கம் சாய்கிறேன்? 1898இல் அவர் பாந்தியோனுக்காக முடித்த ஒரு படம்தான் காரணம். முதிய ஜெனவியேவ் மாடத்தில் தனியாக நிற்கிறாள். கீழே நிலவொளியில் பாரிஸின் கூரைகள் உறங்குகின்றன. அவளுக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஒரு சிறு விளக்கு. சிறகு இல்லை, எக்காளம் இல்லை. ஒரு நகரத்தைக் காப்பது என்றால் என்ன என்பதை, தூங்காமல் நிற்கும் ஒரு கிழவியை வைத்தே சொல்லிவிட்டார். அந்த முகத்துக்கு மாதிரி அவருடைய மனைவி மரி. அதே ஆண்டு ஆகஸ்டில் மரி இறந்தார். அக்டோபரில் பியூவிஸும் போய்ச் சேர்ந்தார்.