4,800 ரூபாய் போச்சு: நீள்வட்ட ஸ்ப்ராக்கெட் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். போனில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பும் ஓர் உதிரிபாகக் கடை, நீள்வட்ட வடிவில் பின் ஸ்ப்ராக்கெட் (பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம்) விற்கிறது. 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

நம்பவைத்த விதம் இருக்கிறதே! வீடியோ காலில் கடைக்காரர் பட்டறையைக் காட்டினார். "நம்மூர்லயே சி.என்.சி. கம்ப்யூட்டர் மெஷின்ல வெட்டினதுங்ணா, 7075 அலுமினியம். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்ல ஓட்டிப் பாத்தாச்சு. மைலேஜும் ஏறும், பிக்கப்பும் ஏறும். புடிக்கலைன்னா பணம் வாபஸ், என்ற பொறுப்பு." நம்மூர்ப் பேச்சு, முகம் பார்த்துக் கொடுத்த வாக்கு. உடனே பணம் போட்டேன்.

மாட்டியதும் செயின் ஓரிடத்தில் விறைப்பு, சக்கரத்தைக் கால் சுற்று தள்ளினால் தொங்கல். கூப்பிட்டுக் கேட்டால், "1,000 கிலோமீட்டர் ஓட்டுங்ணா, செட்டாயிரும்" என்றார். ஓட்டிவிட்டுப் பேசினால், "பல்லு தேஞ்சிருக்குதுங்க, யூஸ் பண்ணினதை எடுக்க மாட்டோம்." ஓட்டச் சொன்னதே அவர்தான்! அப்புறம் "உங்க மெக்கானிக் மாட்டினது தப்பு" என்றார். இப்போது நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

எங்கள் மெக்கானிக் அண்ணன்தான் விளக்கினார். சைக்கிளில் இந்த வடிவம் பெடல் பக்கம் வரும். பெடல் உச்சியிலும் அடியிலும் வரும்போது காலின் அழுத்தம் குறைகிறது, அதற்காகச் செய்தது. கியர் சைக்கிளில் செயின் தளர்வை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த கையும் உண்டு. பைக்கில் பின் அச்சை நட்டு போட்டு இறுக்கியாகிவிட்டது, தளர்வை எது இழுக்கும்? பின்சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் இன்ஜின் பல சுற்று ஓடிவிடும். அதற்கு இந்த வடிவத்தால் என்ன பயன்?

மைலேஜ், பிக்கப் இரண்டும் ஏறும் என்றதும் பொய். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 என்றால் விகிதம் 3, அதாவது பின்சக்கரம் ஒரு சுற்று வர முன்னது 3 சுற்று சுற்றும். பின்னால் 39 போட்டால் 2.79. மைலேஜ் கொஞ்சம் கூடலாம், இழுவை குறையும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கத்தான் செய்யும்.

பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே செயின் கழன்று சக்கரம் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 4,800 ரூபாயும் வாங்கிக்கொண்டு உயிரோடு விளையாடுகிறார்கள்.

வாங்குவதற்கு முன் பில்லும் வாபஸ் நிபந்தனையும் எழுத்தில் கேளுங்கள். டிராக்கில் ஓட்டியதாகச் சொன்னால் வீடியோ கேளுங்கள். செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்கினால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் கழற்றிவிடுங்கள். 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். இதே ஸ்ப்ராக்கெட்டை வாங்கியவர்கள் நீங்களும் கொடுங்கள்.