போலார் காட் குஞ்சு பார்க்க வாங்கிய ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்: இரண்டு குளிர்காலம் கழித்து

வாங்கிய மாதமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன். இரண்டு குளிர்காலம் தினமும் இதன் முன்னால் உட்கார்ந்து எழுந்த பிறகு, இப்போது மூன்றரை.

நான் இருப்பது வடக்கு நார்வேயில், ட்ரோம்சோவில். போலார் காட் என்கிற மீனின் குஞ்சுகளை அளப்பதும் எண்ணுவதும்தான் என் வேலை. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான், ஆனால் ஆர்க்டிக் கடலில் சீல், வெள்ளைத் திமிங்கிலம், கடற்பறவை என்று எல்லாவற்றுக்கும் இதுதான் சோறு. முட்டை இரண்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, பனிக்கட்டிக்கு அடியில் மிதந்துகொண்டு கிடக்கும். -1.5 டிகிரி தண்ணீரில் அது பொரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் மூன்று டிகிரி கூடினால் அதில் பாதிக் காலம் போதும். பொரிந்து வருவது ஐந்தாறு மில்லிமீட்டர், கண்ணாடி போல. கிண்ணத்தில் உற்றுப் பார்த்தால் இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும் நகரும், அவை கண்கள்.

இந்த மாதிரி ஒரு உயிரைப் பார்க்க எந்த மைக்ராஸ்கோப் வாங்குவது என்று கேட்டால் எல்லோரும் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை போகும், இந்த விலையில் பெரும்பாலானவை அப்படித்தான். உண்மையில் இதை வாங்கியதற்கு நான் சந்தோஷப்படுவது அடித்தட்டுக்காக. உள்ளே ஒரு சாயும் கண்ணாடி, பக்கத்தில் அதைத் திருப்ப ஒரு குமிழ். வெளிச்சத்தை நேராகக் கீழிருந்து விட்டால் குஞ்சு அதிலேயே கரைந்து போய்விடும். குமிழை மெதுவாகத் திருப்பி வெளிச்சத்தைச் சாய்த்தால், ஒரு இடத்தில் திடீரென்று உடம்பு முழுக்க விளிம்பு கட்டி நிற்கும். போன மார்ச்சில் பொரிந்து இரண்டு வாரமான ஒரு குஞ்சை அப்படிப் பார்த்தேன். இதயம் நிதானமாகத் துடிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் காதுக்கல் (மீனின் உட்காதில் இருக்கும் பொடிக் கல்) இரண்டும் மணல் துகள் போல மின்னுகின்றன, வயிற்றடியில் மஞ்சள்கரு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதே சமயம் குடலுக்குள் ஒரு சிவப்புப் பொட்டு. நாங்கள் இரையாகப் போட்ட கோப்பிபாட் (இறால் இனத்துப் பொடி உயிரி) குஞ்சைத் தின்றிருக்கிறது! மஞ்சள்கரு தீர்வதற்குள் இரை பிடிக்கக் கற்றுக்கொள்ளாத குஞ்சு பிழைக்காது, அதனால் அந்தப் பொட்டைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்இடி விளக்கு என்பதும் பெரிய நிம்மதி. பழைய ஹாலஜன் விளக்கில் கிண்ணம் சூடாகிவிடும், ஜீரோ டிகிரியில் வாழும் உயிருக்கு அது சித்திரவதை.

சரி, ஒன்றரை நட்சத்திரம் எங்கே போனது?

ஜூம் குமிழில் நிற்கும் இடங்கள் இல்லை, வழுக்கிக்கொண்டே போகும். கண்வில்லையில் இருக்கும் அளவுகோலை ஒவ்வொரு மடங்குக்கும் தனித்தனியாகச் சரிபார்த்து வைத்திருப்போம். குமிழ் மயிரிழை நகர்ந்தாலும் அந்தக் கணக்கு தவறிவிடும். போலார் காட் குஞ்சு கடலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான் வளர்கிறது, ஆக அளவில் 0.4 பிசகினால் இரண்டு நாள் வளர்ச்சி பிசகிவிடும். முதல் குளிர்காலத்தில் நாற்பது குஞ்சுகளை அளந்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன், அத்தனையும் மறுபடி. விற்ற கடைக்கு எழுதினேன், 'இந்த மாடல் அப்படித்தான்' என்று ஒரு வரியில் பதில் வந்தது. விளம்பரத்தில் அளவெடுக்க ஏற்றது என்று போட்டிருந்தார்கள், அது சரியில்லை. இப்போது ஒரே மடங்கில் நிறுத்தி, குமிழின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம் குளிர். குளிர் அறைக்குள் வைத்தால் ஃபோகஸ் குமிழில் இருக்கும் கிரீஸ் இறுகி, இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருக்கிறது, மூச்சு பட்டாலே கண்வில்லை மங்குகிறது. சாதாரண அறையில் வைத்தால் குளிர்ந்த கிண்ணத்தின் அடியில் நீர் பூத்து எல்லாம் கலங்கலாகத் தெரியும். நான் சாதாரண அறையில்தான் வைத்திருக்கிறேன், பஞ்சுத்துணியால் துடைத்துத் துடைத்து, ஒரு குஞ்சுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை.

இதை வைத்து எல்லாம் செய்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். காதுக்கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும், அதை எண்ணினால் குஞ்சு எந்தத் தேதியில் பொரிந்தது என்று தெரிந்துவிடும். கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் இருந்த கரோலின் பூஷாரும் லூயி ஃபோர்ட்டியேயும் அப்படி எண்ணித்தான், பெரிய ஆறுகள் வந்து கலக்கும் ஆர்க்டிக் கரையோரங்களில் சில குஞ்சுகள் ஜனவரியிலேயே பொரிகின்றன என்று காட்டினார்கள். உப்புக் குறைந்த ஆற்றுநீர் பனிக்கு அடியில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். முன்னதாகப் பொரிந்தவை அடுத்த குளிர்காலம் வருவதற்குள் பெரிதாகிவிடும். அந்த வளையங்கள் இந்த மைக்ராஸ்கோப்பில் தெரியாது. கல்லை வெளியே எடுக்கத்தான் இது உதவும், எண்ணுவதற்கு நானூறு மடங்குக்கு மேல் பெரிதாக்கும் வேறொன்று வேண்டும். கல்லுக்காகச் சேமிப்பவர்கள் குஞ்சை எத்தனாலில் போடுங்கள், ஃபார்மலினில் போட்டால் கல் கரைந்துவிடும்.

உயிருள்ள குஞ்சுகளைப் பார்க்கவும் படம் எடுக்கவும் என்றால் தயங்காமல் வாங்கலாம். அளவெடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, ஜூம் குமிழ் ஒவ்வொரு மடங்கிலும் 'டக்' என்று நிற்கிற மாடலைக் கேளுங்கள். பணம் கட்டும் முன் குமிழை நீங்களே திருப்பிப் பாருங்கள்.